குளிர் என்று எழுதிய பொய்: ஷைலோ தேவாலயமும் அதைக் கட்டிய மக்களும்

1911 ஆகஸ்ட் 12 அன்று கனடாவின் அமைச்சரவை ஓர் ஆணைக்கு ஒப்புதல் கொடுத்தது. கறுப்பின மக்கள் ஓராண்டுக் காலத்துக்குக் கனடாவில் குடியேறத் தடை. காரணம், அந்த இனம் கனடாவின் காலநிலைக்கும் தேவைகளுக்கும் பொருந்தாது என்று கருதப்படுகிறதாம். ஆணையின் சாரம் இவ்வளவுதான்.

முனைவர் பட்ட ஆய்வுக்காகப் பழைய குடிவரவுச் சட்டங்களை வாசித்துக்கொண்டிருந்தபோது இந்த ஆணை கண்ணில் பட்டது. முதலில் சிரிப்புதான் வந்தது. இதற்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன்புதான் மேத்யூ ஹென்சன் என்ற கறுப்பர் ராபர்ட் பியரியோடு சேர்ந்து வட துருவத்தை நோக்கிப் பனிமீது பயணம் போனார். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் 1783 முதலே கறுப்பின மக்கள் ஆயிரக்கணக்கில் வாழ்ந்து வந்தார்கள். குளிர் அவர்களைக் கொன்றுவிடவில்லை. இதெல்லாம் அந்த அமைச்சரவைக்குத் தெரியாத சங்கதிகள் அல்ல.

சிரிப்பு அடங்கிய பிறகு ஒரு கேள்வி மிஞ்சியது. வெறுப்பை எதற்கு வானிலை அறிக்கையைப் போல எழுத வேண்டும்? அந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்து போனபோது வந்து சேர்ந்த இடம்தான் சஸ்காட்செவன் மாநிலத்தில், மெய்ட்ஸ்டோன் என்ற சிற்றூருக்கு வடக்கே, வயல்வெளிகளுக்கு நடுவே நிற்கும் ஷைலோ பாப்டிஸ்ட் தேவாலயம். மரக்கட்டைகளைக் கையால் செதுக்கி, மூலைகளில் ஒன்றோடொன்று கோத்து அடுக்கிக் கட்டிய ஒற்றை அறைக் கட்டடம். பக்கத்திலேயே ஒரு கல்லறைத் தோட்டம். பல கல்லறைகளுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. நிலத்தில் பொறுக்கிய கற்களே அடையாளம்.

எந்த மக்களால் கனடாவின் குளிரைத் தாங்க முடியாது என்று அரசு ஆணை எழுதியதோ, அந்த மக்கள் அதே ஆண்டுகளில் கட்டிய ஆலயம் அது.

ஓக்லஹோமாவிலிருந்து ஓடி வந்தவர்கள்

இந்த மக்கள் அமெரிக்காவின் ஓக்லஹோமாவிலிருந்து வந்தவர்கள். அடிமை முறை ஒழிந்த பிறகு, தென் மாநிலங்களின் வன்முறையிலிருந்து தப்பி, சொந்த நிலம் தேடி ஏராளமான கறுப்பர்கள் ஓக்லஹோமா பகுதிக்குப் போனார்கள். லாங்ஸ்டன், போலி என்று ஐம்பதுக்கும் மேற்பட்ட கறுப்பர் ஊர்கள் அங்கே உருவாயின. தங்கள் கடை, தங்கள் வங்கி, தங்கள் பள்ளி, தங்கள் நகராட்சி என்று வாழ்ந்த ஊர்கள் அவை.

1907 நவம்பரில் ஓக்லஹோமா முழு மாநிலமானது. புதிய சட்டமன்றம் நிறைவேற்றிய முதல் சட்டமே ரயில் பெட்டிகளிலும் காத்திருப்பு அறைகளிலும் கறுப்பர்களைப் பிரித்து வைக்கும் சட்டம். பள்ளிக்கூடமோ சாலையோ அதற்குப் பிறகுதான். 1910இல் வாக்குரிமையில் கை வைத்தார்கள். வாக்களிக்க எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் 1866 ஜனவரி 1 அன்று வாக்குரிமை பெற்றிருந்தவர்களின் வாரிசுகளுக்கு அந்தத் தேர்விலிருந்து விலக்கு. அந்தத் தேதியில் யாருடைய தாத்தாவுக்கு வாக்கு இருந்தது, யாருடைய தாத்தாவுக்கு இல்லை என்பதை விளக்க வேண்டியதில்லை. சட்டத்தில் ‘கறுப்பர்’ என்ற சொல் தேவைப்படவே இல்லை. 1915இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதை ரத்து செய்யும் வரை இந்தத் தந்திரம் நீடித்தது.

சட்டத்துக்கு வெளியே கும்பல் இருந்தது. 1911 மே 25 அன்று ஒகிமா என்ற ஊருக்கு அருகே லாரா நெல்சன் என்ற கறுப்பினப் பெண்ணையும் அவருடைய பதின்ம வயது மகனையும் ஒரு கும்பல் ஆற்றுப் பாலத்தில் தூக்கிலிட்டது. தொங்கும் உடல்களுக்கு மேலே, பாலத்தில் வரிசையாக நின்று போஸ் கொடுத்தார்கள். அந்தப் புகைப்படம் அஞ்சலட்டையாக விற்பனையானது. இது நடந்து மூன்று மாதம்கூட ஆகாத நிலையில்தான் கனடாவின் ஆணை வருகிறது. யாரிடமிருந்து தப்பி வந்தவர்களுக்கு முன்னால் கதவைச் சாத்தினார்கள் என்பதை இந்தத் தேதிகளை அருகருகே வைத்தால் புரிந்துகொள்ளலாம்.

கனடா அப்போது உலகம் முழுவதும் விளம்பரம் செய்துகொண்டிருந்தது. பத்து டாலர் பதிவுக் கட்டணம் கட்டினால் 160 ஏக்கர். சில ஆண்டுகள் அங்கே குடியிருந்து, குறிப்பிட்ட அளவு நிலத்தைப் பண்படுத்தி, ஒரு வீட்டையும் கட்டிவிட்டால் அது உங்கள் பெயருக்கு வரும். அமெரிக்கப் பத்திரிகைகளிலும் அந்த விளம்பரம் வந்தது. கறுப்பர்களும் அதைப் படித்தார்கள். படித்தவர்கள் நம்பினார்கள்.

1910இல் ஜோ மேஸ், மேட்டி மேஸ் தம்பதி உள்ளிட்ட சுமார் பத்துக் குடும்பங்கள் மெய்ட்ஸ்டோனுக்கு வந்து, அதன் வடக்கே எல்டன் பகுதியில் நிலம் பதிவு செய்தன. மேட்டி மேஸ் ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்தவர். யாரோ ஒருவரின் சொத்தாக உலகத்துக்கு வந்த பெண் தன் முதுமையில் தன் குடும்பத்தின் நிலத்தில் கால் வைக்கிறார். அந்தச் சமூகம் பின்னாளில் தன் தாயாக நினைவில் வைத்துக்கொண்டது அவரைத்தான்.

பக்கத்து மாநிலமான ஆல்பர்ட்டாவிலும் ஆம்பர் வேலி, கீஸ்டோன், வைல்ட்வுட், கேம்ப்சி என்று கறுப்பர் குடியிருப்புகள் தோன்றின. எல்லாம் சேர்த்து வந்தவர்கள் ஆயிரத்திலிருந்து ஆயிரத்து ஐந்நூறு பேர். அதே ஆண்டுகளில் அமெரிக்காவிலிருந்து மட்டும் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கனடாவுக்குள் வந்துகொண்டிருந்தார்கள். அந்த லட்சம் பேரைக் கண்டு எந்த நகரமும் அஞ்சவில்லை. இந்த ஆயிரம் பேரைக் கண்டு எட்மன்டன் நகரம் அலறியது.

சட்டம் இல்லாமலே சாத்திய கதவு

1911 மார்ச்சில் ஹென்றி ஸ்னீட் தலைமையில் ஏறத்தாழ 200 பேர் எமர்சன் எல்லைச் சாவடிக்கு வந்தார்கள். குதிரைகள், கலப்பைகள், பணம் எல்லாம் கையில் இருந்தன. அதிகாரிகள் மருத்துவப் பரிசோதனையைக் கடுமையாக்கிப் பார்த்தார்கள். எல்லாரும் தேறிவிட்டார்கள். சட்டப்படி அவர்களை நிறுத்த வழி இல்லை.

ஏப்ரலில் எட்மன்டனில் ஒரு பதினைந்து வயது வெள்ளையினப் பெண் தன்னை ஒரு கறுப்பர் தாக்கியதாகச் சொன்னாள். பத்திரிகைகள் கொழுந்துவிட்டு எரிந்தன. ஒருவர் கைது செய்யப்பட்டார். பிறகு அந்தப் பெண்ணே அது பொய் என்று ஒப்புக்கொண்டாள். ஆனால் பொய் தன் வேலையை முடித்திருந்தது. நகர வணிகர் சங்கம் முன்னின்று நடத்திய மனுவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். கறுப்பர் குடியேற்றத்தை நிறுத்த வேண்டும் என்பதே கோரிக்கை. ‘நம் வீட்டுப் பெண்களின் பாதுகாப்பு’ என்ற வாதம் எங்கே எல்லாம் எதற்காக எழுப்பப்படும் என்பதை இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகஸ்டில் ஆணை வந்தது. அதைவிட முக்கியமான செய்தி, அந்த ஆணை ஒருநாளும் நடைமுறைக்கு வரவில்லை. செப்டம்பர் தேர்தலில் லோரியே அரசு தோற்றது. அக்டோபரில் ஆணையே ரத்தானது. இதை வைத்துக்கொண்டு, கனடா கடைசி நேரத்தில் மனசாட்சியோடு நடந்துகொண்டது என்று சிலர் சொல்லக்கூடும். அந்த ஆணையே தேவைப்படவில்லை என்பதுதான் உண்மை. கனடிய அரசு ஏற்கெனவே ஓக்லஹோமாவுக்கு ஆட்களை அனுப்பியிருந்தது. அவர்களில் ஒருவர் சிகாகோவைச் சேர்ந்த கறுப்பின மருத்துவர். கனடா போனால் குளிரிலும் வறுமையிலும் அழிந்துபோவீர்கள் என்று தன் சொந்த மக்களிடம் பேசுவதற்காக அரசு அவருக்குச் சம்பளம் கொடுத்தது. எல்லையில் கெடுபிடி, ஊரில் பயமுறுத்தல், அலுவலகத்தில் தாமதம். 1912க்குள் வருகை ஏறக்குறைய நின்றுவிட்டது.

சட்டப் புத்தகத்தில் தடை இல்லை. ஆனால் யாரும் வரவில்லை. பிறகு வரலாறு எழுதுகிறவர் என்ன எழுதுவார்? அவர்களுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதுவார்.

குளிர் யாருக்கு?

ஷைலோவுக்கு மேற்கே சற்றுத் தொலைவில் லாய்ட்மின்ஸ்டர் நகரம் இருக்கிறது. 1903இல் இங்கிலாந்திலிருந்து வந்த ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் அமைத்த பார் குடியிருப்பில் பிறந்த நகரம் அது. அவர்களில் பலர் நகரவாசிகள். கலப்பை பிடித்துப் பழக்கமில்லாதவர்கள். முதல் குளிர்காலத்தில் அவர்கள் பட்ட பாடு கனடாவில் இன்றும் கதையாகச் சொல்லப்படுகிறது. ஓக்லஹோமாவிலிருந்து வந்தவர்களோ பரம்பரையாக மண்ணில் உழைத்தவர்கள். எந்த அளவுகோலால் பார்த்தாலும் விவசாயக் குடியேற்றத்துக்குப் பொருத்தமானவர்கள் அவர்கள்தான். ஆனால் இங்கிலாந்துக் குமாஸ்தாக்கள் காலநிலைக்குப் பொருந்தாதவர்கள் என்று யாரும் ஆணை எழுதவில்லை.

அந்தக் குடியிருப்பை வழிநடத்திய ஜார்ஜ் லாய்ட் ஓர் ஆங்கிலிக்கப் பாதிரியார். அவர் பெயரில்தான் நகரமே இருக்கிறது. பின்னாளில் சஸ்காட்செவனின் ஆயராகி, பிரிட்டிஷ் அல்லாதவர்கள் கனடாவில் குடியேறுவதை எதிர்த்து ஊர் ஊராகப் பிரச்சாரம் செய்தார். அவரும் கிறித்தவர். ஷைலோவில் ஞாயிற்றுக்கிழமை கூடியவர்களும் கிறித்தவர்கள். ஒரே வேதப்புத்தகம்.

கறுப்பர்களுக்கு ஏன் தனி ஆலயம் என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. 1780களின் பிற்பகுதியில் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு மெதடிஸ்ட் ஆலயத்தில் முழந்தாளிட்டு ஜெபித்துக்கொண்டிருந்த கறுப்பர்களை, உங்கள் இடம் இதுவல்ல என்று எழுப்பினார்கள். எழுந்தவர்கள் ஒட்டுமொத்தமாக வெளியேறினார்கள். அவர்களுள் ஒருவரான ரிச்சர்ட் ஆலன் 1816இல் தனித் திருச்சபையே தொடங்கினார். அடிமை முறையின் காலத்தில், 1831இல் நாட் டர்னரின் கிளர்ச்சிக்குப் பிறகு, வெள்ளையர் கண்காணிப்பில்லாமல் கறுப்பர் கூடி ஜெபிப்பதையே பல தென் மாநிலங்கள் தடை செய்தன. அதனால் விடுதலைக்குப் பிறகு அவர்கள் முதலில் சொந்தமாக்கிக்கொண்ட பொது இடம் ஆலயம். பள்ளிக்கூடம், கூட்ட அரங்கு, பஞ்சாயத்து மேடை, பொதுநிதி, அழுவதற்கான இடம், சிரிப்பதற்கான இடம் எல்லாமே அந்த ஒரு கூரையின் கீழ்தான். எனக்கு மத நம்பிக்கை கிடையாது. ஆனால் யாருடைய அனுமதியும் இல்லாமல் கூடுவதற்கு ஒரு கூரை என்பதன் அரசியல் பொருள் எனக்குப் புரிகிறது.

எல்டன் பகுதியில் அந்தக் கூரை எவ்வளவு தேவைப்பட்டது என்பதற்குப் பள்ளிக்கூடக் கதையே சாட்சி. கறுப்பர், வெள்ளையர் பிள்ளைகள் ஒன்றாகப் படிக்க வேண்டிய நிலை வந்தபோது, வெள்ளையர்கள் எதிர்த்தார்கள். கடைசியில் பள்ளி வட்டத்தின் எல்லைக்கோடு மாற்றி வரையப்பட்டது. கறுப்பினக் குழந்தைகள் சார்லோ என்ற தனிப் பள்ளிக்குப் போனார்கள். சஸ்காட்செவனில் இனப் பாகுபாட்டுப் பள்ளிச் சட்டம் இருந்ததா என்று தேடினால் கிடைக்காது. வரைபடத்தில் ஒரு கோடு நகர்ந்தது, அவ்வளவுதான். காகிதத்தில் எல்லாம் சுத்தம்.

அந்தச் சமூகம் ஏன் கலைந்தது?

1940களில் ஷைலோவில் வழிபாடு அருகிப்போனது. குடும்பங்கள் நகரங்களுக்குப் போயின. இதற்குத்தான் குளிர் காரணம் என்ற சுருக்கமான பதில் தயாராக இருக்கிறது. நான் அதை ஏற்கவில்லை.

1931இல் சஸ்காட்செவனின் மக்கள் தொகை 9 லட்சத்து 21 ஆயிரம். 1951இல் அது 8 லட்சத்து 31 ஆயிரமாகக் குறைந்தது. முப்பதுகளின் வறட்சியும் பொருளாதார மந்தமும் எல்லா இன விவசாயிகளையும் மண்ணிலிருந்து பிடுங்கின. வெள்ளையர்களும் கிளம்பினார்கள். ஆனால் வெள்ளையர் ஊர்களுக்குப் புதிய ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஊரிலிருந்து அத்தை, மாமன், தம்பி, அவன் கட்டிக்கொண்ட பெண் என்று வந்து சேர்ந்தார்கள். ஷைலோவுக்கு அப்படி யாரும் வர முடியவில்லை. அவர்களுடைய சித்தப்பாவும் சித்தியும் ஓக்லஹோமாவிலேயே நிறுத்தப்பட்டுவிட்டார்கள். ஒரு தலைமுறை வளர்ந்தபோது திருமணம் செய்துகொள்ள ஆளில்லை, நிலத்தை ஒப்படைக்க ஆளில்லை, கிணறு தோண்டக் கூட நிற்க ஆளில்லை.

உள்ளே வந்தவர்களை அடித்துத் துரத்த வேண்டிய அவசியமே அரசுக்கு இருக்கவில்லை. அவர்களுக்குப் பின்னால் வருகிறவர்களை நிறுத்தினால் போதும். முதலில் வந்தவர்கள் தனித்துப்போய், தானாகவே மெலிந்துவிடுவார்கள். பிறகு அந்த மெலிவையே ஆதாரமாகக் காட்டலாம். பார்த்தீர்களா, இவர்கள் பொருந்தவில்லை என்று.

ஒரு துறையில் ஒரே ஒரு தலித் பேராசிரியரை அனுமதித்துவிட்டு அடுத்த இருபது ஆண்டுகளுக்குப் பணியிடத்தை நிரப்பாமல் வைத்திருப்பவர்களுக்கு இந்த வித்தை நன்றாகத் தெரியும். ‘தகுதியான ஆள் கிடைக்கவில்லை’ என்பது அவர்களுடைய வானிலை அறிக்கை. ஆய்வு மாணவனாக அந்த வாக்கியத்தை நான் கேட்காத ஆண்டு இல்லை.

இன்னொரு நிலம், இன்னொரு மக்கள்

இந்தக் கதையை இதோடு நிறுத்தினால் நமக்கு வசதியாக இருக்கும். ஆனால் நிறுத்த முடியாது. அந்த 160 ஏக்கர் யாருடையது?

மெய்ட்ஸ்டோன் இருப்பது 1876இன் ஆறாம் உடன்படிக்கைப் பகுதியில். க்ரீ உள்ளிட்ட தொல்குடிகளின் மண் அது. 1885 நவம்பர் 27 அன்று, மெய்ட்ஸ்டோனிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் இருக்கும் பேட்டில்ஃபோர்டில், தொல்குடி ஆண்கள் எட்டுப் பேர் ஒரே மேடையில் தூக்கிலிடப்பட்டார்கள். அந்த ஆண்டு முதல், அதிகாரியிடம் சீட்டு வாங்காமல் தொல்குடிகள் தங்கள் ஒதுக்கிடத்தைவிட்டு வெளியே போகக் கூடாது என்ற நடைமுறை வந்தது. அதற்கும் எந்தச் சட்ட அடிப்படையும் இருக்கவில்லை. இவ்வாறு காலியாக்கப்பட்ட நிலம்தான் பத்து டாலருக்குக் கூவி விற்கப்பட்டது.

விவிலியத்தில் ஷைலோ, நம் தமிழ் வேதாகமத்தின் ‘சீலோ’, யோசுவாவின் புத்தகத்தில் வருகிறது. இஸ்ரவேலர்கள் கானானுக்குள் நுழைந்த பிறகு கூடாரம் அமைத்துக் கூடிய இடம். மீதமிருந்த கோத்திரங்களுக்குச் சீட்டுப் போட்டு நிலத்தைப் பங்கிட்ட இடமும் அதுவே. அடிமைத்தனத்திலிருந்து மீண்டவர்கள் நிலம் பெற்ற ஊர். அழகான பெயர்தான். ஆனால் அந்தக் கதையில் கானானியர்கள் என்று ஒரு மக்கள் ஏற்கெனவே அங்கே வாழ்ந்தார்கள். ஒசேஜ் தொல்குடியைச் சேர்ந்த அறிஞர் ராபர்ட் வாரியர் 1989இல் எழுதிய கட்டுரையில், யாத்திராகமத்தை விடுதலைக் கதையாக மட்டும் வாசிப்பவர்களிடம் கானானியரின் கண்ணால் அதை வாசித்துப் பார்க்கச் சொன்னார்.

அதற்காக ஷைலோ மக்களையும் பார் குடியிருப்பையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஒருவர் பேரரசின் பிள்ளையாக வந்தார். இன்னொருவர் தூக்குக் கயிற்றிலிருந்து ஓடி வந்தார். ஆனால் பட்டா என்ற காகிதத்தை இருவருக்கும் கொடுத்த கை ஒன்றே. 1911இல் உள்துறை அமைச்சராக இருந்தவர் ஃப்ராங்க் ஆலிவர். கறுப்பர் தடை ஆணைக்குப் பொறுப்பான துறை அவருடையது. அதே ஆண்டு மே மாதம் இந்தியர் சட்டத்தில் அவர் கொண்டுவந்த திருத்தம், எட்டாயிரம் பேருக்கு மேல் வாழும் நகரங்களை ஒட்டிய ஒதுக்கிடங்களிலிருந்து தொல்குடிகளை அவர்களின் சம்மதமில்லாமலே நீதிமன்ற உத்தரவு மூலம் அகற்ற வழி செய்தது. ஒரு கையால் உள்ளே இருப்பவர்களை வெளியேற்றினார், மறு கையால் வெளியே இருப்பவர்களைத் தடுத்தார். நடுவில் காலியாகும் நிலம் யாருக்கு என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை. எட்மன்டனில் அவர் பெயரைச் சுமந்த பகுதிக்கு அண்மையில்தான் ‘வீக்வென்டோவின்’ என்ற க்ரீ மொழிப் பெயர் வைக்கப்பட்டது.

ஒடுக்கப்பட்டவர்களின் வரலாறு தூய்மையாக இருந்தால்தான் அவர்களோடு நிற்பேன் என்பது ஆதிக்கம் கற்றுத்தந்த பழக்கம். ஷைலோவை நேசிக்கவும் அந்த மண்ணின் மூத்த உரிமையாளர்களை மறக்காமல் இருக்கவும் ஒரே நேரத்தில் முடியும். முடிய வேண்டும்.

ஜனவரிப் பனியில் பொங்கல்

நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். இருக்கிறது, நேரடியாகவே.

கறுப்பர்களைத் தடுக்கப் பயன்பட்ட பிரிவு 1910ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தில் இருந்தது. காலநிலைக்கோ தேவைகளுக்கோ பொருந்தாத எந்த இனத்தையும் தடுக்கலாம் என்றது அது. அதற்கும் முன்பே, 1908இல், பின்னாளில் பிரதமரான மெக்கன்ஸி கிங் தன் அறிக்கையில் இந்தியர்களைப் பற்றி இதே வாதத்தை வைத்தார். வெப்பநாட்டுக்காரர்கள், கனடாவின் குளிருக்கு ஆகாதவர்கள் என்றார். 1914இல் 376 பயணிகளோடு வான்கூவர் வந்த கோமகாட்டா மாரு கப்பல் இரண்டு மாதம் துறைமுகத்தில் நிறுத்திவைக்கப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டது. காலநிலை என்ற சொல் 1952ஆம் ஆண்டுச் சட்டத்திலும் உயிரோடு இருந்தது. 1962இலும் 1967இலும் விதிகள் மாறிய பிறகே கதவு திறந்தது.

அந்தத் திறந்த கதவு வழியாகத்தான் நம்மவர்கள் போனார்கள். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 ஈழத் தமிழர்கள் போனார்கள். இன்று கனடாவில் ஜனவரி தமிழ் மரபுரிமைத் திங்கள். 2016இல் நாடாளுமன்றமே அறிவித்தது. ஆண்டிலேயே கடும் குளிரான மாதத்தில், பனி கொட்டும் முற்றத்தில் பொங்கல் பானையோடு நிற்கும் படங்களை நாம் பகிர்ந்துகொள்கிறோம். காலநிலைக்குப் பொருந்தாதவர்களின் பொங்கல் அது. அந்தப் படத்துக்குப் பின்னால் ஷைலோ இருக்கிறது.

ஆனால் அங்கே போனவர்கள் பானையை மட்டும் எடுத்துப் போகவில்லை, சாதியையும் எடுத்துப் போனார்கள். 2023 மார்ச்சில் டொரொன்டோ மாவட்டப் பள்ளி வாரியத்தில், யாழினி ராஜகுலசிங்கம் என்ற தமிழ் உறுப்பினர் கொண்டுவந்த தீர்மானம் பள்ளிகளில் சாதிய ஒடுக்குமுறை இருக்கிறது என்பதை அங்கீகரித்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஒன்டாரியோ மனித உரிமை ஆணையம் சாதிப் பாகுபாடு குறித்த தன் கொள்கை நிலையை வெளியிட்டது. அந்தத் தீர்மானத்தை எதிர்த்து எழுந்த குரல்களைக் கேட்டிருப்பீர்கள். இங்கே சாதியே இல்லை, இதைப் பேசுவதே எங்கள் சமூகத்தை இழிவுபடுத்துவது என்றார்கள். சார்லோ பள்ளியின் எல்லைக்கோட்டை நகர்த்தியவர்களும் எங்கள் ஊரில் இனப் பாகுபாடு இல்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள். சட்டப் புத்தகத்தைத் திறந்து காட்டியிருப்பார்கள்.

ஷைலோ இன்றும் நிற்கிறது. வழித்தோன்றல்களும் உள்ளூர்க்காரர்களும் சேர்ந்து அதைச் சீரமைத்திருக்கிறார்கள். அந்தக் கட்டைகளை அடுக்கியவர்கள் யாருக்கும் பாடம் நடத்துவதற்காக அதைச் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூடுவதற்கு இடம் வேண்டும், செத்தால் புதைக்க நிலம் வேண்டும். அதற்காகச் செய்தார்கள். இந்த இரண்டும் மறுக்கப்படும் ஊர்களிலிருந்து வந்து இதை வாசிக்கும் உங்களுக்கு அதன் எடை தெரியும்.

அடுத்த முறை யாராவது உங்களிடம், வெறுப்பெல்லாம் இல்லை, உங்களுக்கு இந்தச் சூழல் ஒத்துவராது, அதனால் சொல்கிறேன் என்று அக்கறையோடு பேசினால், அந்தச் சூழலை உண்டாக்கியவர் யார் என்று கேளுங்கள். உங்களுக்கு முன்னால் உள்ளே போனவர் தனியாக நின்றுகொண்டிருந்தால், அவருக்குப் பின்னால் வரவிருந்தவர்களை நிறுத்தியது யார் என்றும் கேளுங்கள். நீங்கள் உள்ளே போய்விட்டால், கதவைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள்.